போரை மறுக்கும் சொற்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அகிம்சை, கொல்லாமை, இன்னா செய்யாமை, வன்முறையின்மை என்ற நான்கும் ஒன்றுதானா? மாணவர்களைக் கட்டுரைப் போட்டிக்குத் தயார் செய்கிறேன். எல்லோரும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டு எழுதுகிறார்கள்.

ஒன்றல்ல. ஒவ்வொரு சொல்லும் எதை வேண்டாம் என்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கொல்லாமை உயிரை எடுப்பதை மட்டும் மறுக்கிறது. இன்னா செய்யாமை அதைவிட அகலமானது. 'இன்னா' என்பது பிறருக்குத் துன்பம் தரும் எதுவும். அடியும் அதில் அடங்கும், வசையும் அடங்கும், பிறர் பொருளைக் கெடுப்பதும் அடங்கும். அகிம்சை வடமொழிச் சொல். ஊறு செய்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த இம்சையின் முன் 'அ' சேர்ந்து மறுப்பாகிறது. சமண மரபில் எண்ணம், சொல், செயல் மூன்றாலும் ஊறு செய்யாதிருப்பதையே அது குறிக்கும். ஆகவே பொருளளவில் அகிம்சைக்கு மிக அருகில் நிற்பது இன்னா செய்யாமைதான். 'அகிம்சை, அதாவது கொல்லாமை' என்று எழுதும் கட்டுரை அகிம்சையில் பாதியைக் கீழே போட்டுவிடுகிறது.

வன்முறையின்மை இந்த மூன்றோடும் சேராது. அது ஒரு நிலையைச் சொல்லும் இக்காலச் சொல். 'வாக்குப்பதிவு வன்முறையின்றி முடிந்தது' என்று எழுதுகிறோம். 'அகிம்சையாக முடிந்தது' என்று யாரும் எழுதுவதில்லை. காரணம் விகுதியிலேயே இருக்கிறது. 'இன்மை' என்றால் ஒன்று அங்கே இல்லை, அவ்வளவுதான். கொல்லாமை, செய்யாமை இரண்டும் வினையிலிருந்து பிறந்தவை. செய்யக்கூடிய ஒருவர் செய்யாமல் இருக்கிறார் என்பது அவற்றுக்குள் இருக்கிறது. கொள்கையைப் பற்றி எழுதும்போது அந்த 'ஒருவர்' தேவை. நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சுத் தமிழில் இம்சை தொந்தரவாகச் சுருங்கிவிட்டது. 'சும்மா இம்சை பண்ணாதே' என்பதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அகிம்சை என்பது தொந்தரவு செய்யாமல் இருப்பது என்றே முதலில் தோன்றும். வகுப்பில் ஒரு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர் படைச்செருக்குக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். அவர் போரை எதிர்த்தாரா, ஆதரித்தாரா?

அதிகாரங்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். இன்னா செய்யாமை 32-ஆவது, கொல்லாமை 33-ஆவது. இரண்டும் அறத்துப்பாலில் துறவறவியலில் வருகின்றன. படைமாட்சி 77, படைச்செருக்கு 78. இவை பொருட்பாலில், அரசு பற்றிய பகுதியில் வருகின்றன. துறவிக்குச் சொன்னதை அரசனுக்கு அப்படியே சொல்லவில்லை. 550-ஆம் குறள் கொடியவர்களைக் கொலைத் தண்டனையால் ஒறுப்பதைப் பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. ஆகவே 'வள்ளுவர் எல்லாக் கொலையையும் எல்லோருக்கும் மறுத்தார்' என்று எழுதினால் இந்தக் குறள் குறுக்கே நிற்கும்.

அதற்காகப் பொருட்பால் போரைக் கொண்டாடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. 871-ஆம் குறள் பகையை விளையாட்டுக்குக்கூட விரும்பாதே என்கிறது. அதுவும் அரசனுக்குச் சொன்னதுதான். மேற்கோள் காட்டும்போது குறள் எண்ணோடு இயலின் பெயரையும் சேர்த்து எழுதினால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

சமணத்திலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. துறவிக்கு அகிம்சை மகாவிரதம், விலக்கே இல்லை. இல்லறத்தாருக்கு அணுவிரதம், அதாவது சிறு விரதம். இல்லறத்தார் செய்ய நேரும் இம்சையை நான்காகப் பிரிப்பார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்க வருபவரைத் தடுக்கும்போது நேர்வது. முதலாவதை முற்றாக விட வேண்டும்; மற்றவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும். 'அகிம்சை என்றால் தற்காப்பும் கூடாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவைக் கவனிப்பதில்லை.

கேள்வி: போரை நிறுத்தச் சொல்லிப் பேசுவதற்குப் பழந்தமிழில் தனிச்சொல் உண்டா?

உண்டு. புறத்திணையில் 'துணைவஞ்சி' என்று ஒரு துறை இருக்கிறது. பிறரை வெல்லவோ கொல்லவோ நிற்கும் ஒருவனிடம் எடுத்துச் சொல்லிச் சந்து செய்வது அது. 'சந்து' என்றால் இங்கே உடன்பாடு. தெருச் சந்து அல்ல. இன்றைக்கு இந்தப் பொருளில் எழுதினால் அடிக்குறிப்பு தேவைப்படும்.

புறநானூற்றில் 45, 46, 47 மூன்றும் இந்தத் துறையில் அடுத்தடுத்து நிற்கும் பாடல்கள். மூன்றையும் பாடியவர் கோவூர்கிழார். 45-இல் நெடுங்கிள்ளி உறையூருக்குள் அடைபட்டிருக்கிறான், நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருக்கிறான். புலவர் எடுத்த எடுப்பில் அறம் பேசவில்லை. எதிரே நிற்பவன் பனந்தோடு சூடியவனும் அல்லன், வேப்பந்தார் அணிந்தவனும் அல்லன் என்கிறார். அதாவது சேரனும் அல்லன், பாண்டியனும் அல்லன். இருவர் தலையிலும் இருப்பது ஆத்திமாலைதான். பிறகுதான், 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே' என்று கணக்கை முடிக்கிறார். இருவரும் வெல்வது நடக்காது; யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடி. வாதம் வேலை செய்வது இந்த வரிசையால்தான்: முதலில் எதிரி யார் என்று காட்டுவது, அடுத்து இழப்பு யாருக்கு என்று காட்டுவது.

46-இல் கிள்ளிவளவன் யானைக்காலில் இடவிருந்த மலையமான் பிள்ளைகளுக்காகவும், 47-இல் ஒற்றன் என்று ஐயப்பட்டு நெடுங்கிள்ளி கொல்ல முனைந்த இளந்தத்தன் என்ற புலவனுக்காகவும் பேசுகிறார். இவற்றைப் 'போரெதிர்ப்புப் பாடல்கள்' என்று தலைப்பிட்டுத் தொகுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. இவை எல்லாப் போரையும் மறுப்பவை அல்ல, இந்தப் போரை, இந்தக் கொலையை நிறுத்தச் சொல்பவை. துணைவஞ்சி என்ற பெயரே பொருத்தமாக இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

கேள்வி: போரை மறுப்பவரைக் குறிக்கும் 'பாசிஃபிஸ்ட்' என்பதற்கு அமைதிவாதி சரியா, சமாதானவாதி சரியா? அந்த மூலச்சொல் எவ்வளவு பழையது?

இரண்டும் வழக்கில் உள்ளவை. இந்தியத் தமிழ்ச் செய்திகளில் அமைதி அதிகம், இலங்கைத் தமிழில் சமாதானம் அதிகம். 'அமைதிப் பேச்சுவார்த்தை', 'சமாதானப் பேச்சுவார்த்தை' என்பதும் அப்படித்தான். உங்கள் வாசகர் எந்தப் பக்கம் என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டுக்கும் ஒவ்வோர் இடறல் உண்டு. அமைதி என்றால் பேசாமல் இருப்பதும்தான். 'அமைதிப் பேரணி' என்று சுவரொட்டி அடித்தால், வாய் திறக்காமல் நடக்கும் பேரணி என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். அது மௌன ஊர்வலம் என்றால் அப்படியே எழுதுங்கள். சமாதானம் வேண்டி நடப்பது என்றால் 'போரை எதிர்த்துப் பேரணி' என்று எழுதுங்கள். சமாதானத்துக்கோ அழும் குழந்தையைத் தேற்றுவதும், தப்புக்குச் சாக்குச் சொல்வதும் பொருள். 'ஏதோ சமாதானம் சொன்னார்' என்றால் போர் நின்றது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு 'சமாதானம்' என்பதையே எடுத்துக்கொண்டதால் கிறிஸ்தவ வழக்கில் அந்தச் சொல்லுக்குக் கனம் குறையவில்லை.

'பாசிஃபிஸ்ட்' என்ற சொல்லின் வயதையும் கேட்டிருந்தீர்கள். 1901-இல் கிளாஸ்கோவில் நடந்த உலக அமைதி மாநாட்டில் எமீல் ஆர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை முன்வைத்தார். லத்தீனில் 'பாக்ஸ்' அமைதி, 'ஃபாகெரே' செய்தல். அமைதியை உண்டாக்குகிறவர் என்பதே அதன் உட்பொருள். சும்மா இருப்பவர் அல்ல. நாடுகளுக்கு இடையே நடுவர் மன்றம், உடன்படிக்கை என்று வழிகள் தேடியவர்களுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். எந்தப் போரிலும் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்ற கண்டிப்பான பொருள் முதல் உலகப் போரை ஒட்டித்தான் இறுகியது. அதனால் 1914-க்கு முந்தைய எழுத்தை மொழிபெயர்க்கும்போது 'அமைதி இயக்கத்தவர்' என்று போடுவது பாதுகாப்பு.

கேள்வி: 1938-இல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினை அமைதிவாதி என்று எழுதலாமா?

கூடாது. செப்டம்பர் 30-இல் மியூனிக்கில் அவர் கையெழுத்திட்டது எதிராளி கேட்டதைக் கொடுத்து ஆளை அடக்கிவைக்கும் கொள்கை. அதே அரசு ஒருபக்கம் படைக்கலங்களைப் பெருக்கிக்கொண்டும் இருந்தது. ஆங்கிலத்தில் 'அப்பீஸ்மென்ட்' எனப்படும் இதற்குத் தமிழில் 'தாஜா செய்யும் கொள்கை' என்பது பொருளுக்கு அருகில் வரும்; கொஞ்சம் கொச்சை. 'விட்டுக்கொடுத்துச் சமாளிக்கும் கொள்கை' என்றால் நீளம், ஆனால் தவறில்லை.

கேள்வி: போர்நிறுத்தம், சண்டைநிறுத்தம், சமாதான ஒப்பந்தம் இவற்றில் எது எப்போது? செய்தி மொழிபெயர்க்கிறேன்.

மூன்று படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டவர்களை எடுக்கவோ உணவு அனுப்பவோ ஓரிடத்தில் சில மணிநேரம், சில நாள் சுடாமல் இருப்பது சண்டைநிறுத்தம். களம் முழுவதும் தாக்குதலை நிறுத்த இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்வது போர்நிறுத்த உடன்படிக்கை. போர் என்ற நிலையையே முடித்து எல்லை, இழப்பீடு, கைதிகள் எல்லாவற்றையும் தீர்ப்பது சமாதான ஒப்பந்தம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்தால் வரலாறே தவறிப்போகும். 1918 நவம்பர் 11-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம். அது முதலில் 36 நாளுக்குத்தான். பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஜெர்மனியுடன் சமாதான ஒப்பந்தம் 1919 ஜூன் 28-இல் வெர்சாயில்தான் கையெழுத்தானது. கொரியாவில் 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தம் வந்தது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. 'கொரியப் போர் சமாதான ஒப்பந்தத்துடன் முடிந்தது' என்று எழுதினால் தவறு. இலங்கையில் அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பிப்ரவரி 22-இல் செய்துகொண்டதும் போர்நிறுத்த உடன்படிக்கைதான். 2008 ஜனவரியில் அரசு அதிலிருந்து விலகியது.

மூலத்தில் ஒரு தரப்பு மட்டும் அறிவித்திருந்தால் 'ஒருதலைப்பட்சமாக' என்பதை விட்டுவிடாதீர்கள். 'உடன்பாடு' என்ற சொல்லும் அப்போது பொருந்தாது. 'அறிவிப்பு' என்று போடுங்கள்.

கேள்வி: அறப்போர் என்பது போரா, போர் மறுப்பா?

இரண்டுமாக ஆளப்பட்டிருக்கிறது. ஆகவே எச்சரிக்கை தேவை. அற நெறி தவறாமல் ஆயுதத்தால் செய்யும் போர் என்பது ஒன்று. ஆயுதமே எடுக்காமல் அறத்தை மட்டும் துணைகொண்டு நடத்தும் போராட்டம் என்பது இன்னொன்று. சத்தியாக்கிரகத்துக்கு நேர்ச்சொல்லாக இந்தப் பொருளில்தான் வழங்குகிறது. 'நியாயப் போர்' கோட்பாட்டை விளக்கும் கட்டுரையில் அறப்போர் என்று எழுதினால், வாசகர் உண்ணாவிரதப் பந்தலை நினைப்பார். அங்கே 'நியாயப் போர்' என்றே எழுதுங்கள். போராட்டத்துக்கு 'அறவழிப் போராட்டம்' என்றால் குழப்பம் வராது. (போராட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே போர் இருக்கிறது. அதைத் தவிர்க்க நினைத்தால் தமிழில் எதிர்ப்பே தெரிவிக்க முடியாது, விட்டுவிடலாம்.)

கேள்வி: சத்தியாக்கிரகம், ஒத்துழையாமை, சட்டமறுப்பு, சாத்வீக எதிர்ப்பு வேறுபாடு?

ஒத்துழையாமை என்பது கொடுத்துவந்த துணையை எடுத்துக்கொள்வது: பட்டத்தைத் திருப்பித் தருவது, பதவியை விடுவது, நீதிமன்றத்துக்குப் போகாமல் இருப்பது. பெரும்பாலும் இதில் சட்டம் மீறப்படுவதில்லை. சட்டமறுப்பு ஒரு குறிப்பிட்ட சட்டத்தை வெளிப்படையாக மீறித் தண்டனையை ஏற்பது. ஒளிந்து மீறினால் அது வெறும் குற்றம். காந்தி நடத்தியவற்றில் 1920-இல் தொடங்கியது முதல் வகை, 1930-இல் உப்பெடுத்தது இரண்டாம் வகை.

சத்தியாக்கிரகம் இவற்றுக்கெல்லாம் குடைப்பெயர். தென்னாப்பிரிக்காவில் 1906-இல் தொடங்கிய எதிர்ப்புக்கு முதலில் சாத்வீக எதிர்ப்பு என்ற பொருளுள்ள ஆங்கிலப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அது வலுவற்றவரின் ஆயுதம் என்று தோன்றவைக்கிறது, உள்ளே வெறுப்பு இருந்தாலும் பொருந்திவிடுகிறது என்று காந்தி வேறு பெயர் தேடினார். 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி 'சதாகிரகம்' என்று அனுப்பினார். அதைத் திருத்தியதே சத்தியாக்கிரகம். உண்மையை விடாமல் பற்றி நிற்பது என்று பொருள். எனவே அவருடைய இயக்கத்தைச் 'சாத்வீக எதிர்ப்பு' என்று மொழிபெயர்ப்பது, அவர் வேண்டாம் என்று தள்ளியதையே அவர் தலையில் திரும்பக் கட்டுவதாகும். சத்தியாகிரகம், சத்தியாக்கிரகம் இரண்டு எழுத்துமுறையும் உண்டு. ஒரே கட்டுரையில் இரண்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனசாட்சிப்படி இராணுவத்தில் சேர மறுப்பவருக்கு என்ன சொல்? 'தப்பியோடியவர்' என்று ஒரு நூலில் பார்த்தேன்.

அது தவறு, அவதூறும்கூட. படையில் சேர்ந்தபின் சொல்லாமல் ஓடிப்போகிறவர் தப்பியோடியவர். கட்டாய ஆள்சேர்ப்பு ஆணை வராமல் ஒளிந்துகொள்கிறவர் ஆள்சேர்ப்புக்குத் தப்புகிறவர். நீங்கள் கேட்பவர் ஒளிவதில்லை. நேரில் வந்து, காரணம் சொல்லி, மறுக்கிறார். 'மனச்சான்றின்படி படைப்பணி மறுப்பவர்' என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு 'படைப்பணி மறுப்பாளர்' என்று சுருக்கலாம். 'மனசாட்சி மறுப்பாளர்' வேண்டாம். மனசாட்சியையே மறுப்பவர் என்று படிக்க இடம் தருகிறது.

இதன் ஆங்கில மூலச்சொல் பிரிட்டனில் முதலில் பரவியது போரை ஒட்டியல்ல. 1898-ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம், பிள்ளைக்கு அம்மைப்பால் குத்த மனசாட்சி இடம் தராத பெற்றோருக்கு விலக்கு அளித்தது. அந்தச் சொல்தான் 1916-இல் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்தபோது படைப்பணிக்குத் தாவியது. மறுத்தவர்கள் தீர்ப்பாயத்தின் முன் நின்று தங்கள் நம்பிக்கை உண்மை என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

மறுப்பிலும் மூன்று தரம் உண்டு. மொழிபெயர்ப்பில் அதைக் காப்பாற்றுங்கள். சீருடை அணிவேன், ஆயுதம் தொட மாட்டேன் என்பவர் ஒருவர். படைக்கு வெளியே பண்ணையிலோ மருத்துவமனையிலோ மாற்றுப்பணி செய்வேன் என்பவர் இன்னொருவர். போருக்கு உதவும் எதையும் செய்ய மாட்டேன், சிறைக்குப் போகிறேன் என்பவர் மூன்றாமவர். அமெரிக்காவின் டெஸ்மண்ட் டாஸ் முதல் வகை. இரண்டாம் உலகப் போரில் ஆயுதமின்றி மருத்துவ உதவியாளராக இருந்து, 1945-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றார். 1967-இல் படையில் சேர மறுத்த குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் தண்டனையை 1971-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருவரையும் ஒரே சொல்லால் குறிக்கலாம்; ஒரே வகை என்று எழுதக் கூடாது.

கேள்வி: நடுநிலை நாடு என்றால் போரெதிர்ப்பு நாடுதானே?

இல்லை. நடுநிலை என்பது பிறருடைய போரில் எந்தப் பக்கமும் சேராத சட்டநிலை. 1815-இலிருந்து நடுநிலை நாடாக ஏற்கப்பட்ட சுவிட்சர்லாந்தில் ஆண்களுக்குக் கட்டாய இராணுவப் பயிற்சி உண்டு. அணிசேராமை அதுவும் அல்ல. இராணுவக் கூட்டணிகளில் சேராத அரசியல் நிலை, 1961-இல் பெல்கிரேடு மாநாட்டில் இயக்கமானது.

கேள்வி: பழைய நூல்களில் 'பலாத்காரம் கூடாது' என்று தலைவர்கள் பேசியதாக வருகிறது. மறுபதிப்பில் அப்படியே விடலாமா?

அப்போது அது பொதுவாக வன்முறை. இப்போது பெண்கள் மீதான பாலியல் குற்றத்துக்கே ஒதுங்கிவிட்டது. மூலத்தைத் திருத்தாமல் அடிக்குறிப்பில் 'வன்முறை' என்று தாருங்கள். புதிதாக எழுதும்போது வன்முறை. இலங்கை வழக்கில் வன்செயலும் உண்டு. ஐ.நா. சாசனத்தின் 2(4)-ஆம் பிரிவு தடுப்பது 'வன்முறை' அல்ல என்பதையும் கவனியுங்கள். நாடுகள் ஒன்றன்மீது ஒன்று படைபலத்தைப் பயன்படுத்துவதையும், பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையும் அது தடுக்கிறது. 51-ஆம் பிரிவு தற்காப்புக்கு இடம் விடுகிறது.

கேள்வி: 'எதிர்மறை அமைதி' என்று பாடநூலில் இருக்கிறது. அமைதியில் எதிர்மறை ஏது?

மொழிபெயர்ப்புக் கோளாறு. நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் 1960-களில் இரண்டு அமைதிகளைப் பிரித்தார். சண்டை மட்டும் இல்லாதது ஒன்று (உங்கள் பாடநூல் 'எதிர்மறை அமைதி' என்பது இதைத்தான்); சண்டைக்குக் காரணமான அநீதியும் இல்லாதது மற்றொன்று. முதலாவதைப் 'போரற்ற அமைதி' என்றும், இரண்டாவதை 'நீதியுள்ள அமைதி' என்றும் எழுதினால் விளக்கமே வேண்டாம். அவர் 1969-இல் பேசிய 'கட்டமைப்பு வன்முறை'யும் இதோடு சேர்ந்தது: அடிப்பவர் என்று ஒருவரைக் காட்ட முடியாமலே மனிதரைப் பசியாலும் நோயாலும் சாகவிடும் ஏற்பாடு.

கேள்வி: அமைதிப்படை என்பது முரண்தொடர் இல்லையா?

முரண்தான். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படையின் பெயரால் தமிழ் வாசகருக்கு அந்தச் சொல்லில் கசப்பும் ஏறியிருக்கிறது. ஐ.நா. படைகளை 'அமைதி காக்கும் படை' என்றே எழுதுங்கள். தரப்புகளின் சம்மதம், பக்கம் சாயாமை, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் அன்றிப் பலம் பயன்படுத்தாமை ஆகியவை அதன் அடிப்படை விதிகள்.

கேள்வி: அணு ஆயுத ஒப்பந்தங்களின் பெயர்களை இதழ்கள் மாற்றி மாற்றி எழுதுகின்றன.

ஆண்டைச் சேர்த்து எழுதினால் தப்பாது. 1968-இல் கையெழுத்துக்கு வந்து 1970-இல் நடைமுறைக்கு வந்தது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். புதிய நாடுகளுக்குப் பரவுவதைத் தடுப்பது. 1996-ஆம் ஆண்டினது சோதனைத் தடை ஒப்பந்தம். 2017-இல் ஏற்று 2021 ஜனவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது அணு ஆயுதத் தடை ஒப்பந்தம், ஆயுதத்தையே விலக்குவது. முதலாவதன் பெயரில் 'பரவல்' விழுந்துவிட்டால் மூன்றாவதாகிவிடும். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். ஆயுதக் கட்டுப்பாடு என்றால் அளவு வைப்பது, ஆயுதக் களைவு என்றால் இல்லாமல் செய்வது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வட்டத்துக்குள் மூன்று கோடு போட்ட அமைதிச் சின்னத்தின் பொருள்?

1958-இல் ஜெரால்டு ஹோல்டம் பிரிட்டனின் அணு ஆயுத எதிர்ப்பு நடைப்பயணத்துக்காக வரைந்தது. அணு ஆயுதக் களைவு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான என், டி இரண்டுக்கும் உரிய கொடிச் சைகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். பொதுவான அமைதிக் குறியானது பிறகுதான்.

கேள்வி: பதாகை எழுதுகிறோம். 'போர் நிறுத்த கோரி ஆர்ப்பாட்டம்' சரியா?

ஒற்று விழுந்திருக்கிறது, பொருளும் தெளிவாக இல்லை. 'போரை நிறுத்தக் கோரி' என்றால் போர் முடிய வேண்டும் என்கிறீர்கள். 'போர்நிறுத்தம் கோரி' என்றால் முதலில் சுடுவதை நிறுத்துங்கள் என்கிறீர்கள். எது உங்கள் கோரிக்கை என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். முழக்கத்தில் 'போரை நிறுத்து' என்ற ஒருமை ஏவல் ஓசைக்குப் பொருந்தும். மனுவில் 'நிறுத்துமாறு கோருகிறோம்' என்றுதான் வர வேண்டும். போர் தொடங்குமுன் என்றால் 'போர் வேண்டாம்' போதும். தொடங்கியபின் அது பலவீனமாக ஒலிக்கும். சொல்வரிசையிலும் ஒரு கண் இருக்கட்டும்: 'போர் எதிர்ப்பு' போரை எதிர்ப்பது, 'எதிர்ப்புப் போர்' ஆயுதம் ஏந்தி எதிர்ப்பது. பதாகையில் இரண்டு வரியாக மடித்து எழுதும்போது மேல்வரியில் 'எதிர்ப்பு', கீழ்வரியில் 'போர்' என்று வந்துவிடாமல் துணியை அளந்து எழுதுங்கள்.